தேடல் பெட்டி: இருக்கும் பொருளை ‘இல்லை’ என்று சொல்லாமலிருக்க

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ உங்கள் தளத்தில் விற்பனைக்கு இருக்கிறது. வாசகர் ஒருவர் ‘மோக முள்’ என்று நடுவில் ஸ்பேஸ் விட்டுத் தட்டுகிறார். ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்கிறது தேடல் பெட்டி. அவர் அதை அப்படியே நம்பிவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார். உங்களுக்குப் புகார் வராது. ஒரு விற்பனை கைநழுவியது தெரியக்கூட வராது.

தேடல் பெட்டியில் வரும் கோளாறுகளிலேயே மோசமானது இந்தப் பொய்யான ‘இல்லை’தான். முடிவு மெதுவாக வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வரிசை மாறி வந்தால் கீழே உருட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் வாசகருக்கு அங்கே வேலையே இல்லை. இந்த அத்தியாயத்தின் படிகள் எல்லாம் அந்தத் தவறான பதிலைத் தடுப்பதற்காகத்தான்.

எடுத்துக்காட்டுக்கு, சில ஆயிரம் தமிழ்ப் புத்தகங்களை விற்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். செய்தித் தளம், நூலகம், சமையல் குறிப்புத் தளம் எதுவானாலும் செய்ய வேண்டியவை பெரும்பாலும் இவையே.

## தொடங்குமுன்: சோதனைப் பட்டியல் ஒன்று எழுதுங்கள்

முதலில் தளத்துக்குப் பெட்டி தேவையா என்று பாருங்கள். இருபது, முப்பது பக்கங்கள்தான் என்றால் ஒழுங்கான மெனு போதும். அதைத் தாண்டிவிட்டால் நிரல் எழுதத் தொடங்குவதற்கு முன் இந்த மூன்றையும் செய்யுங்கள்.

1. வாடிக்கையாளர்கள் உங்களிடம் கேட்ட முப்பது கேள்விகளைத் திரட்டுங்கள். கடைக்கு வரும் வாட்ஸப் செய்திகள், போன் விசாரிப்புகள், ஏற்கெனவே தளம் இருந்தால் அதன் தேடல் பதிவு ஆகியவற்றிலிருந்து எடுங்கள்.
2. பிழையைத் திருத்தாமல் அவர்கள் எழுதியபடியே எழுதிக்கொள்ளுங்கள். ‘பொண்ணியின் செல்வன்’ என்று வந்திருந்தால் மூன்று சுழி ‘ண்’ணோடு அப்படியே இருக்கட்டும். ஆங்கில எழுத்தில் வந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டாம்.
3. ஒவ்வொன்றுக்கும் எதிரே, வர வேண்டிய புத்தகத்தின் சரியான பெயரைக் குறியுங்கள்.

இந்தப் பட்டியல்தான் இனி உங்கள் அளவுகோல். ஒவ்வொரு பகுதியை முடித்ததும் முப்பதையும் தட்டிப் பாருங்கள். எத்தனை தேறியது என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

## பகுதி 1: கண்ணுக்குத் தெரியும் பெட்டி

படி 1. இடம். எல்லாப் பக்கங்களிலும், மேலே, ஒரே இடத்தில் வையுங்கள். கூகுளிலிருந்து வரும் வாசகர் நேரே ஏதோ ஒரு புத்தகத்தின் பக்கத்தில்தான் இறங்குவார்; முகப்பைப் பார்க்கவே மாட்டார். ஆகவே முகப்பில் மட்டும் பெட்டி வைப்பது பயன்படாது. போனிலும், இடமிருந்தால் பூதக்கண்ணாடிப் படத்துக்குள் ஒளித்துவைக்காமல் பெட்டியையே விரித்துக் காட்டுங்கள்.

படி 2. அகலமும் உயரமும். ஆங்கிலத் தளங்களுக்கு 27 எழுத்து அகலம் இருந்தால் பெரும்பாலான தேடல்கள் அடங்கிவிடும் என்பது பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சனின் பரிந்துரை. தமிழ் எழுத்துகள் அகலமானவை. ‘ஒரு புளியமரத்தின் கதை’ முழுதும் தெரியுமா என்று உங்கள் எழுத்துருவில் தட்டிப் பார்த்து அகலத்தை முடிவுசெய்யுங்கள். உயரத்திலும் கவனம் தேவை. ஆங்கிலத்துக்காக அளவெடுத்த பெட்டியில் ‘கூ’, ‘ழு’, ‘ஸ்ரீ’ போன்றவற்றின் கீழ்ச்சுழி வெட்டுப்படும். வரி உயரத்தை எழுத்து அளவைப்போல ஒன்றரை மடங்கு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 3. பெயர். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்புச் சொல் மட்டும் போதாது. தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்ற வாசகருக்குப் பெட்டியின் பெயர் காதில் விழ வேண்டும். அதனால் எச்டிஎம்எல்லில் ‘லேபிள்’ கட்டாயம் கொடுங்கள். வடிவமைப்புக்கு இடைஞ்சல் என்றால் கண்ணுக்குத் தெரியாமல் வையுங்கள். குறிப்புச் சொல்லில் எதைத் தேடலாம் என்று சொல்லுங்கள்: ‘நூல், ஆசிரியர், பதிப்பகம்’. ‘இங்கே தேடவும்’ என்பதில் வாசகருக்குப் புதிய தகவல் எதுவும் இல்லை.

படி 4. பட்டன். பூதக்கண்ணாடியோடு ‘தேடு’ என்ற சொல்லையும் சேருங்கள். என்டர் தட்டினாலும் பட்டனைத் தொட்டாலும் ஒரே வேலை நடக்க வேண்டும். 2023-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல்தன்மை விதிமுறை, தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்கச் சொல்கிறது. விரலுக்கு வசதி அதே விதிமுறையின் மேல்நிலை அளவான 44 பிக்சல்தான். இடமிருந்தால் அதையே வையுங்கள்.

படி 5. படிவம். ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் வேலை செய்யும் சாதாரணப் படிவமாக அமையுங்கள். அனுப்பும் முறை ‘கெட்’ ஆக இருக்கட்டும். அப்போதுதான் தேடிய சொல் முகவரியில் இடம்பெறும். வாசகர் அந்த இணைப்பை நண்பருக்கு அனுப்பலாம், முந்தைய பக்கத்துக்குப் போய்த் திரும்பி வரலாம். உள்ளீட்டு வகையை ‘சர்ச்’ என்று குறியுங்கள். எச்டிஎம்எல் தரத்தில் 2023-இல் தேடல் பகுதிக்கென்றே ‘சர்ச்’ என்ற தனி உறுப்பும் வந்துவிட்டது. அதற்குள் படிவத்தை வைத்தால், அதை அறிந்த திரைவாசிப்பான்களில் வாசகர் நேரே அங்கே தாவலாம்.

படி 6. போன். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஐபோனில் பெட்டியைத் தொட்டதும் பக்கமே பெரிதாகி இடம் மாறும். ‘என்டர்கீஹின்ட்’ பண்பில் ‘சர்ச்’ என்று கொடுத்தால் கீபோர்டின் என்டர் விசை தேடல் விசையாக மாறும். தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ்ப் பெயரைக் கீபோர்டு வேறு சொல்லாக்கிவிடும்.

> உதவிக் குறிப்பு: முகப்பு திறந்ததும் கர்சர் தானாகவே பெட்டிக்குள் போகும்படி வைக்காதீர்கள். சில போன்களில் கீபோர்டு எழும்பிப் பாதித் திரையை மறைக்கும். திரைவாசிப்பான் வைத்திருப்பவர் பக்கத்தின் தொடக்கத்தையே தவறவிடுவார்.

## பகுதி 2: எழுத்தைப் பக்குவப்படுத்துதல்

பொய்யான ‘இல்லை’ பெரும்பாலும் பிறப்பது இங்கேதான். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்கள் கணினிக்கு வேறு வேறாக இருக்கலாம். பழகிய புத்தகக் கடைக்காரர் வாடிக்கையாளரின் உச்சரிப்பைத் திருத்துவதில்லை. என்ன கேட்கிறார் என்று புரிந்துகொண்டு புத்தகத்தை எடுத்துத் தருகிறார். பெட்டியும் அப்படி நடந்துகொள்ள வேண்டும்.

வழி இதுதான். ஒவ்வொரு தலைப்புக்கும் ஆசிரியர் பெயருக்கும் ‘ஒப்பீட்டுச் சாவி’ என்று ஒன்றை உருவாக்கி டேட்டாபேஸில் தனிப் பத்தியில் வைக்கிறோம். வாசகர் தட்டும் சொல்லையும் அதே விதிகளால் சாவியாக்கி, சாவியோடு சாவியை ஒப்பிடுகிறோம். திரையில் காட்டுவது எப்போதும் அசல் எழுத்தை மட்டுமே.

படி 7. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகளை நீக்குங்கள்.

- ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். என்எஃப்சி என்ற இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்கும். பெரும்பாலான நிரல்மொழிகளில் இதற்கு ஒரு வரி போதும்.
- ‘ஔவையார்’ என்று ஒரே எழுத்தாகத் தட்டுவோரும் உண்டு, ‘ஒ’வோடு ‘ள’ சேர்த்து ‘ஒளவையார்’ என்று தட்டுவோரும் உண்டு. ‘கௌரி’, ‘கெளரி’ என்பதும் அதே கதைதான். இதை என்எஃப்சி சரிசெய்யாது; நீங்களேதான் விதி எழுத வேண்டும். சாவியில் ‘ஔ’வை ‘ஒள’ என்றும் ‘ௌ’வை ‘ெள’ என்றும் பிரித்துவிடுங்கள். மறுபக்கமாகச் சேர்க்கப் போனால் ‘ஒளி’யும் ‘கெளுத்தி’யும் சிதைந்துவிடும்.
- ‘ஸ்ரீ’ இரண்டு விதமாகப் பதிவாகிறது. ‘ஸ’வில் தொடங்குவது ஒன்று, 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்குவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். சாவியில் ஒன்றாக்குங்கள்.
- வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது அகலமே இல்லாத மறை எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றையும் முன்பின் ஸ்பேஸ்களையும் நீக்குங்கள்.

படி 8. குறிகளையும் இடைவெளியையும் நீக்குங்கள். ‘தி.ஜா.’, ‘தி. ஜா’, ‘திஜா’ மூன்றும் ஒரே சாவியாக வேண்டும். ‘மோக முள்’ளும் ‘மோகமுள்’ளும் அப்படியே.

> எச்சரிக்கை: நிறுத்தக்குறிகளை நீக்க ஆங்கிலப் பயிற்சிக் குறிப்புகளில் வரும் ரெஜெக்ஸ் வரியை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் சொல்லெழுத்தைக் குறிக்கும் ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’ என்ற குறி தமிழை எழுத்தாகவே கருதாது; தட்டியது மொத்தமும் அழிந்துவிடும். யூனிகோடு ‘எழுத்து’ வகையை மட்டும் வைத்துக்கொள்ளும்படி எழுதினாலும் ஆபத்துதான். புள்ளியும் உயிர்க்குறிகளும் ‘ஒட்டுக்குறி’ என்ற வேறு வகையைச் சேர்ந்தவை. அவை உதிர்ந்துபோனால் ‘பொன்னியின்’ என்பது ‘பனனயன’ ஆகிவிடும். எழுத்து, ஒட்டுக்குறி, எண் ஆகிய மூன்று வகைகளையும் விட்டுவைக்க வேண்டும்.

படி 9. ஒற்று. ‘தமிழ்ப் புத்தகம்’ என்று தட்டுபவருக்கும் ‘தமிழ் புத்தகம்’ என்று தட்டுபவருக்கும் ஒரே பதில் கிடைக்க வேண்டும். ஸ்பேஸை நீக்குவதற்கு முன்பே, சொல்லின் கடைசியில் நிற்கும் க், ச், த், ப் நான்கையும் சாவியிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘யூடியூப்’ போன்ற சொற்களிலும் ‘ப்’ போய்விடும்; இரு பக்கமும் ஒரே விதி என்பதால் கெடுதல் இல்லை.

படி 10. ஒலி ஒற்றுமை: இரண்டாம் சாவி. இது வேறு சாவி. முதல் சாவியோடு கலக்கக் கூடாது. விதிகள் இவை:

1. ன, ண, ந மூன்றும் ஒன்று. ல, ள, ழ மூன்றும் ஒன்று. ர, ற இரண்டும் ஒன்று.
2. ஜ, ஸ, ஷ ஆகியவை ச. ஹ என்பது க.
3. இரட்டித்த மெய் ஒற்றையாகும்.
4. சொல்லின் தொடக்கத்தில் ர, ல வரிசைக்கு முன் நிற்கும் ‘இ’ போய்விடும். ‘இராமாயணம்’, ‘ராமாயணம்’ இரண்டும் ஒன்றாகும்.

இந்தச் சாவியை முதல் சாவியில் போதிய முடிவு கிடைக்காதபோது மட்டும் பயன்படுத்துங்கள். எல்லாத் தேடலுக்கும் போட்டால் ‘பல்லி’ தேடியவருக்குப் ‘பள்ளி’ப் பாடநூல்கள் வந்து குவியும், ‘மனம்’ தேடியவர் ‘மண’ப் பொருத்த நூல்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வார். நேராகப் பொருந்தியது மேலே, ஒலியால் பொருந்தியது கீழே என்ற வரிசை எப்போதும் மாறக் கூடாது.

படி 11. ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ். ‘மோகமுள்’ளின் ‘க’வை ஒருவர் ஜி என்று தட்டுவார், இன்னொருவர் எச் என்பார், வேறொருவர் கே என்பார். ‘ழ’வுக்கு இசட்-எச்சும் வரும், எல்லும் வரும். ஒவ்வொரு தலைப்புக்கும் எல்லா வடிவங்களையும் எழுதிவைப்பது நடக்காத காரியம். படி 10-இன் சாவிக்கே இந்த எழுத்துகளையும் கொண்டுவந்து சேருங்கள்: கே, ஜி, எச் மூன்றும் க; ப ஒலிக்குரிய இரண்டு ஆங்கில எழுத்துகளும் ப; த, ட ஒலிகளுக்கு எச் சேர்த்தும் சேர்க்காமலும் தட்டும் வடிவங்கள் எல்லாம் ஒரே ஒலி; இசட்-எச், எல் இரண்டும் ல. ஆங்கில எழுத்தில் நெடிலும் குறிலும் நிச்சயமாகத் தெரியாது என்பதால், இந்த ஒப்பீட்டின்போது மட்டும் இரு பக்கமும் நெடிலைக் குறிலாக்குங்கள். டகரத்தையும் தகரத்தையும் ஒன்றாக்குங்கள்.

படி 12. மாற்றுப் பெயர்ப் பட்டியல். எந்த விதியாலும் பிடிக்க முடியாதவை உண்டு. புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். சுஜாதா என்பவர் ரங்கராஜன். சு.ரா. என்றால் சுந்தர ராமசாமி. கவிதைகளுக்கு அவர் பசுவய்யா. கி.ரா. என்றால் கி. ராஜநாராயணன். இவற்றைக் கையால்தான் எழுத வேண்டும். ஐம்பது ஆசிரியர்களுக்கு எழுதினாலே பெரும்பகுதித் தேடல்கள் சரியாகிவிடும்.

படி 13. வேற்றுமை உருபுகள். ‘மரம்’ என்று தேடுபவருக்கு ‘மரத்தின்’, ‘மரங்கள்’ என்று வரும் தலைப்புகளும் தேவை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழ்ச் சொல்லின் அடியைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. அது பல இடங்களில் உதவும், சில இடங்களில் அடியைத் தாண்டியும் வெட்டிவிடும். உங்கள் முப்பதில் வைத்துப் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள். கூட்டுச் சொல்லின் நடுவில் இருப்பதைப் பிடிக்க, மும்மூன்று எழுத்துகளாக நறுக்கி ஒப்பிடும் ‘டிரைகிராம்’ முறை கைகொடுக்கும். சிறு எழுத்துப்பிழைகளையும் அது பொறுத்துக்கொள்ளும்.

### இந்தப் பகுதியில் அடிக்கடி நேரும் தவறு: ‘குறைந்தது மூன்று எழுத்து’

பூ, தீ, கை, ஈ என்று ஓரெழுத்துச் சொற்கள் நிறைந்த மொழி தமிழ். ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் ‘பூ’வின் நீளம் 2, ‘ஈ’யின் நீளம் 1. ‘மூன்றுக்குக் குறைந்தால் தேடாதே’ என்ற விதி இவற்றையெல்லாம் தள்ளிவிடும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி முழுவுரைத் தேடலிலும் சொல்லின் குறைந்தபட்ச நீளம் 3 என்றுதான் அமைந்திருக்கிறது. அதை மாற்றி, இன்டெக்ஸையும் திரும்பக் கட்டுங்கள். என்டர் தட்டித் தேடும்போது நீள வரம்பே வேண்டாம்.

## பகுதி 3: தட்டும்போதே காட்டும் பரிந்துரைகள்

பகுதி 2 சரியாக வேலை செய்யும்வரை இதைத் தொடாதீர்கள். பரிந்துரை இல்லாத பெட்டி வாசகருக்குப் போதும். தவறான பரிந்துரை அவரைக் குழப்பும்.

படி 14. எழுத்து முடியும்வரை காத்திருங்கள். தமிழ் கீபோர்டுகள் பலவற்றில் ஒரு சொல் முழுமையாவதற்கு முன் தற்காலிக வடிவம் பெட்டியில் நிற்கும். பிரவுசர் இதற்கு ‘கம்போசிஷன்’ நிகழ்வுகளைத் தருகிறது. அது நடந்துகொண்டிருக்கும்போது அடிக்கும் என்டர், சொல்லை முடிப்பதற்கான என்டர். அதைத் தேடலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சில போன் கீபோர்டுகளில் ஸ்பேஸ் தட்டும்வரை கம்போசிஷன் முடியாது. அதனால் பரிந்துரைகளை முழுதும் நிறுத்தாமல், கடைசியாகத் தட்டியதிலிருந்து 200 முதல் 300 மில்லிவினாடி கழித்துக் கேளுங்கள்.

படி 15. கடைசிப் புள்ளியை விட்டுவிடுங்கள். ஆங்கில எழுத்தைத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் ‘பொன்னியின்’ என்று தட்டும் வழியில் திரையில் ஒரு கணம் ‘பொன்னிய்’ என்று நிற்கும். டேட்டாபேஸில் ‘பொன்னிய்’ என்று தொடங்கும் சொல் எதுவும் இல்லை. அந்தக் கணத்தில் பரிந்துரைப் பட்டியல் காலியாகி, அடுத்த எழுத்தில் திரும்ப வரும். இந்த மின்னல்தான் தமிழ்த் தளங்களின் பரிந்துரைகளில் பலரும் காணும் எரிச்சல். தீர்வு எளிது: தட்டியதன் கடைசியில் புள்ளி இருந்தால், தொடக்கப் பொருத்தம் பார்ப்பதற்கு மட்டும் அதை எடுத்துவிடுங்கள்.

படி 16. பழைய பதிலைத் தூக்கியெறியுங்கள். ‘மோ’வுக்குக் கேட்ட பதில், ‘மோகமு’வுக்குக் கேட்ட பதிலுக்குப் பிறகு வந்து சேரலாம். ஒவ்வொரு கேள்விக்கும் வரிசை எண் கொடுத்து, கடைசி எண்ணின் பதிலை மட்டும் காட்டுங்கள்.

படி 17. கீபோர்டாலும் காதாலும் பயன்படுத்த முடிய வேண்டும். மேல், கீழ் அம்புக்குறிகள் பட்டியலில் நகர்த்த வேண்டும். எஸ்கேப் பட்டியலை மூட வேண்டும். தட்டிய சொல்லை அழிக்கக் கூடாது. என்டர், எதுவும் தேர்ந்தெடுக்கப்படாதபோது, வாசகர் தட்டியதையே தேட வேண்டும். ஏரியா என்ற அணுகல்தன்மை விதிமுறையின் ‘காம்போபாக்ஸ்’ அமைப்பை அப்படியே பின்பற்றினால் திரைவாசிப்பானுக்கும் சரியாக இருக்கும். போனில் ஆறு பரிந்துரை போதும். அதற்கு மேல் கீபோர்டுக்கு அடியில் போய்விடும்.

## பகுதி 4: முடிவுப் பக்கம்

படி 18. தட்டிய சொல் பெட்டியிலேயே இருக்கட்டும். திருத்தித் தேட நினைப்பவரை முதலிலிருந்து தட்ட வைக்காதீர்கள்.

படி 19. எத்தனை முடிவு என்று மேலே சொல்லுங்கள்: ‘மோகமுள்: 3 நூல்கள்’. வரிசை இப்படி இருக்கட்டும்: தலைப்பு முழுதும் பொருந்தியது, தலைப்பின் தொடக்கம் பொருந்தியது, ஆசிரியர் பெயர், பிறகு நூல் விவரம். இருப்பில் இல்லாத நூலை மறைக்காதீர்கள். ‘இப்போது இருப்பில் இல்லை’ என்பது உண்மையான பதில். வாசகர் முன்பதிவு செய்யவும் கூடும்.

படி 20. பொருந்திய பகுதியை அழுத்திக் காட்டும்போது எழுத்தைப் பாதியில் வெட்டாதீர்கள். ‘பொன’ என்று பொருந்தியதற்காக ‘ன்’னிலிருந்து புள்ளியைப் பிரித்து நிறம் மாற்றினால், சில பிரவுசர்களில் அந்தப் புள்ளி தனியே ஒரு புள்ளிவட்டத்தின் மேல் போய் உட்காரும். விவரத்தைச் சுருக்கும்போதும் இதே கவனம் வேண்டும்: குறி எண்ணிக்கையை வைத்து வெட்டினால் ‘கொ’ என்பது ‘க’வாகிவிடும். முழு எழுத்துகளாகப் பிரிக்க ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘செக்மென்டர்’ இருக்கிறது.

படி 21. ஒன்றும் கிடைக்காதபோது. இந்தப் பக்கத்தை மற்றப் பக்கங்களைவிட அக்கறையாக எழுதுங்கள். வரிசை இது:

1. ஒலிச் சாவியில் கிடைத்ததைக் காட்டி, ‘இதைத் தேடினீர்களா?’ என்று கேளுங்கள். ‘தவறாகத் தட்டியிருக்கிறீர்கள்’ என்று சொல்லாதீர்கள்.
2. பல சொற்கள் தட்டியிருந்தால், எல்லாம் சேர்ந்த முடிவு இல்லாதபோது சில சொற்கள் மட்டும் பொருந்தியவற்றைக் காட்டுங்கள். எந்தச் சொல்லை விட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.
3. அதுவும் இல்லையென்றால் வகைகளின் இணைப்புகளையும், ‘இந்த நூல் வேண்டும் என்று எங்களுக்குத் தெரிவியுங்கள்’ என்ற பட்டனையும் வையுங்கள்.

## பகுதி 5: பாதுகாப்பு

தளத்துக்குள் யாரும் எதையும் எழுதக்கூடிய இடம் தேடல் பெட்டி. கீழே உள்ளவற்றில் ஒன்றைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

1. தட்டியதை அப்படியே பக்கத்தில் அச்சிடாதீர்கள். ‘நீங்கள் தேடியது’ என்று காட்டும் இடத்தில் எச்டிஎம்எல் குறிகளைச் செயலிழக்கச் செய்துவிட்டுக் காட்டுங்கள். இல்லையேல் ஒருவர் தீங்கான ஸ்கிரிப்ட்டை இணைப்பில் பொதிந்து உங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்ப முடியும்.
2. எஸ்க்யூஎல் வாக்கியத்தோடு தட்டிய சொல்லை ஒட்டாதீர்கள். அளவுருக்களாகவே அனுப்புங்கள். ‘லைக்’ ஒப்பீட்டில் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. அதையும் செயலிழக்கச் செய்யுங்கள்.
3. மேல் வரம்பு வையுங்கள். நூறு எழுத்துக்கு மேல் யாரும் புத்தகத் தலைப்புத் தேடுவதில்லை. ஒரே முகவரியிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை தேடல் என்பதற்கும் எல்லை வேண்டும். இரண்டையும் சர்வரில் சரிபாருங்கள்; பிரவுசரில் மட்டும் வைத்த தடையை எவரும் தாண்டலாம்.
4. வெளியிடாத பக்கங்கள் இன்டெக்ஸில் போகக் கூடாது. அறிவிக்காத நூல், வரைவு நிலையில் உள்ள பக்கம், நிர்வாகிக்கான குறிப்பு ஆகியவை பரிந்துரைகள் வழியே வெளியே கசிவது உண்டு.
5. மற்றவர்கள் தேடியதை அப்படியே பரிந்துரையாக்காதீர்கள். வாசகர்கள் பெட்டியில் போன் எண்ணும், நோயின் பெயரும், ஆட்களின் பெயரும் தட்டுவார்கள். பரிந்துரைகள் உங்கள் நூல் பட்டியலிலிருந்து மட்டும் வரட்டும்.
6. தேடல் பதிவில் ஆளின் அடையாளம் வேண்டாம். சொல், நேரம், முடிவுகளின் எண்ணிக்கை மூன்றும் போதும். பத்து இலக்க எண்கள் வந்தால் அழித்துவிட்டுப் பதியுங்கள். இந்தியாவில் தளம் நடத்துவோருக்கு 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதையும் நினைவில் வையுங்கள்.
7. முடிவுப் பக்கங்கள் தேடுபொறிகளில் ஏறாதபடி ‘நோஇன்டெக்ஸ்’ குறியிடுங்கள். விளம்பரக் குப்பை பரப்புவோர் தங்கள் வாசகங்களை உங்கள் தேடல் முகவரியில் ஏற்றி இணைப்புப் போடுவதுண்டு.

## பகுதி 6: சோதனையும் பராமரிப்பும்

படி 22. முப்பது கேள்விகளையும் மீண்டும் ஓட்டுங்கள். முதல் மூன்று முடிவுக்குள் சரியான நூல் வந்தால் தேறியது என்று கொள்ளுங்கள். தேறாத ஒவ்வொன்றுக்கும் எந்தப் படி விட்டுப்போனது என்று பாருங்கள்.

படி 23. ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் தமிழ்99 கீபோர்டு பழகியவர், ஒருவர் போனில் ஒலிபெயர்ப்பில் தட்டுபவர், ஒருவர் ஆங்கில எழுத்திலேயே தமிழ் எழுதுபவர், ஒருவர் வயதானவர், ஒருவர் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் என்று தேர்ந்தெடுங்கள். நூலின் பெயரை எழுதிக் காட்டாமல் வாயால் சொல்லுங்கள். எழுதிக் காட்டினால் பார்த்துத் தட்டிவிடுவார்கள். அவர்களுடைய எழுத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். நடுவில் உதவாதீர்கள்.

படி 24. வாரம் ஒருமுறை, முடிவே கிடைக்காத தேடல்களை மட்டும் வரிசையிட்டுப் படியுங்கள். அவற்றை இரண்டாகப் பிரியுங்கள். நூல் இருந்தும் பெட்டி கண்டுபிடிக்காதவை ஒரு பக்கம்: அவை மாற்றுப் பெயர்ப் பட்டியலுக்கோ புதிய விதிக்கோ போக வேண்டும், அவற்றைச் சோதனைப் பட்டியலிலும் சேருங்கள். உண்மையிலேயே உங்களிடம் இல்லாதவை மறுபக்கம்: அதை நூல் கொள்முதல் செய்பவரிடம் கொடுங்கள். வாசகர்கள் காசு கொடுத்து வாங்கத் தயாராக வந்து, கிடைக்காமல் திரும்பிய நூல்களின் பட்டியல் அது.

## வெளியிடுமுன் சரிபாருங்கள்

- எல்லாப் பக்கங்களிலும் பெட்டி ஒரே இடத்தில் இருக்கிறதா? லேபிள் உண்டா?
- ‘பூ’ என்று மட்டும் தட்டினால் தேடுகிறதா?
- ‘ஔவையார்’, ‘ஒளவையார்’ இரண்டுக்கும் ஒரே முடிவா?
- ‘பல்லி’ தேடினால் ‘பல்லி’ முதலில் வருகிறதா?
- ஜாவாஸ்கிரிப்ட்டை நிறுத்தினாலும் என்டர் வேலை செய்கிறதா?
- கோணல் அடைப்புக்குறிக்குள் எதையாவது தட்டினால் வெறும் எழுத்தாகவே திரும்பி வருகிறதா?
- வெறும் பெட்டியில் என்டர் தட்டினால் பிழைப் பக்கம் வராமல் இருக்கிறதா?
- முடிவு கிடைக்காத தேடல்களை வாரம் ஒருமுறை படிப்பது யார் பொறுப்பு என்று ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் வெளியிடுவதை ஒரு நாள் தள்ளிப்போட்டாவது ஆளை முடிவுசெய்யுங்கள். வாசகர்கள் தட்டும் விதம் மாறிக்கொண்டேயிருக்கும். புதிய நூல்களும் புதிய பெயர்களும் வந்துகொண்டேயிருக்கும். அந்தப் பதிவை ஒருவர் தொடர்ந்து படித்து விதிகளைத் திருத்திவரும்வரைதான் உங்கள் பெட்டி சொல்லும் ‘இல்லை’யை வாசகர் நம்பலாம்.